ஒற்றை ‘ச்சு’

மேடத்தின் அறைக்கு வெளியே, கதவிலிருந்து நாலடி தள்ளி என் மேஜை. பத்தொன்பது வருடமாக யாராவது ஓர் அதிகாரியின் கதவுக்கு வெளியே இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். பதவிக்குப் பெயர் சுருக்கெழுத்துத் தட்டச்சர். வாய்ப்பேச்சில் ஸ்டெனோ. சுருக்கெழுத்து இப்போது யாருக்கும் தேவைப்படுவதில்லை. அதிகாரிகளே செல்போனில் பேசி எழுத்தாக மாற்றிக்கொள்கிறார்கள். ஆனாலும் காலை பத்தரைக்கு என் மேஜை முன்னால் நாலைந்து பேர் கோப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

“அண்ணாச்சி, உள்ள எப்படி? சாரலா, வெயிலா?”

ஆலங்குளத்திலிருந்து வரும் எங்கள் கண்காணிப்பாளர் உண்டாக்கிய சங்கேதம் இது. தென்காசிக்காரர்களுக்குக் குற்றாலம் இல்லாமல் எதையும் சொல்லத் தெரியாது. சாரல் என்றால் அதிகாரி குளிர்ந்திருக்கிறார், லீவு விண்ணப்பத்தைக்கூட நீட்டலாம். வெயில் என்றால் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அருவியில் தண்ணீர் அதிகமாகிவிட்டால் போலீஸ்காரர்கள் குளிக்கத் தடை போடுவார்கள். அந்தத் ‘தடை’ என்ற சொல்லை நான் சொல்லிவிட்டால் கண்காணிப்பாளர் உட்பட எல்லோரும் டீக்கடைக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு அதில் பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். இந்த வித்தையை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் முதல் அதிகாரி கோபம் வருவதற்குச் சற்று முன்னால் காது மடலைத் தடவுவார். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது, அந்த மூன்று மாதமும் ஏச்சு வாங்கினேன். இன்னொருவர் கோபம் வந்தால் சிரிப்பார். புதிதாக வந்த ஒரு கிளார்க் அந்தச் சிரிப்பை நம்பிக் கூடச் சிரித்து, அடுத்த வாரமே சங்கரன்கோவில் பக்கம் மாறுதலாகிப் போனார். முகம் பொய் சொல்லும், கையும் காலும் சொல்லாது என்று அப்போது முடிவு செய்தேன்.

எங்கள் மாவட்ட அதிகாரியான மேடம் வேலூர்ப் பக்கத்துக்காரர். வந்த இரண்டே வாரத்தில் அவரைப் படித்து முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பேனாவுக்கு மூடி போட்டுவிட்டால் நம் பேச்சு முடிந்தது. தண்ணீர் பாட்டிலை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றி வைத்தால் வாதாடத் தயாராகிறார். மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை அசைத்துக்கொண்டிருந்தால் சாரலிலும் நல்ல சாரல், எதையும் கேட்கலாம். கண்காணிப்பாளருக்குச் சந்தேகம்தான்.

“மேடத்தோட காலை நான் எப்படிவே பாக்க?” என்றார்.

“கோப்பை நீட்டையில ஒரு பேப்பரைக் கீழ தவற விடுங்க. எடுக்கக் குனியும்போது பாத்துக்கிடலாம்.”

அவர் அப்படியே செய்தார். லீவும் கிடைத்தது. அன்று முழுக்க அலுவலகத்தில் என் பேச்சுதான்.

கேட்டவர்களுக்குப் பதில் சொன்னதும் எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள். வெளியே வரும்போது என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு நடப்பார்கள். உள்ளே எப்படி என்று தினமும் கேட்டவர்களில் ஒருவர்கூட நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டது கிடையாது. இதை ஒரு குறையாக அப்போது நான் நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

என் மனைவி சென்னையில் அரசு மருத்துவமனையில் நர்ஸ். பதவி உயர்வில் போனாள். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. ஒரு வருடத்தில் நானும் மாறுதல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவதாகப் பேச்சு. அந்த ஒரு வருடம் ஆறு வருடமாகி, மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நான் மேலகரத்தில் ஒரு மாடி அறையில் இருந்தேன். காலையில் மெஸ்ஸில் இட்லி, மதியம் அலுவலகக் கேன்டீன், சாயங்காலம் நானே ஒரு கஞ்சி வைத்துக்கொள்வேன். மாதம் ஒரு முறை சென்னைக்கு ரயில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தருவிக்குப் போவேன். சீசன் சமயத்தில் அங்கே தனியாக வருகிறவன் நான் ஒருவன்தான் என்று தோன்றும். தலையில் எண்ணெய் வழிய வழியக் குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். “அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுங்களேன்” என்று செல்போனை என்னிடம் நீட்டுவார்கள். தனி ஆள், செல்போனோடு ஓட மாட்டான் என்று என் முகத்தில் எழுதியிருக்கும் போல. எடுப்பேன். கேமரா வழியாகப் பார்க்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும், இந்தப் பெண் கணவனிடம் காலையிலிருந்து பேசவில்லை, அந்தப் பெரியவருக்கு இங்கே வரவே விருப்பமில்லை என்றெல்லாம். கொஞ்சம் நெருங்கி நில்லுங்க என்று சொல்லி, இரண்டு பேரையும் சேர்த்துவைத்து ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஈரத்துண்டோடு பஸ்ஸுக்கு நடப்பேன்.

மகளை மட்டும்தான் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. வீடியோ காலில் செல்போனை எங்கேயாவது சாய்த்து வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருப்பாள். எனக்கு மின்விசிறிதான் தெரியும். “சாப்டியாம்மா?” என்றால் “ம்” என்பாள். “ஸ்கூல்ல என்ன?” என்றால் “ஒண்ணுமில்லப்பா” என்பாள். முன்பெல்லாம் “எப்பப்பா இங்கயே வருவீங்க?” என்று வாரம் ஒரு தடவையாவது கேட்பாள். அந்தக் கேள்வி எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை.

அந்த ஜூன் மாதம் சென்னைத் தலைமை அலுவலகத்தில் ஸ்டெனோ இடம் ஒன்று காலியாவதாகத் தகவல் வந்தது. விண்ணப்பத்தை மாவட்ட அதிகாரி பரிந்துரைத்து அனுப்ப வேண்டும். மேடம் ஒரு வரி எழுதினால் போதும், கிட்டத்தட்ட எனக்குத்தான் கிடைக்கும் என்று அங்கிருந்த நண்பர் சொன்னார். அன்றே தட்டச்சு செய்துவிட்டேன். மனைவியின் பணி, மகளின் படிப்பு, ஆறு வருடப் பிரிவு எல்லாம் ஒரே பக்கத்தில்.

அலுவலக வழக்கம் ஒன்று உண்டு. இந்த மாதிரிக் காகிதத்தை நேராக மேஜையில் வைக்கக் கூடாது. முதலில் வாயால் சொல்லி ஆழம் பார்க்க வேண்டும். சாதகமாகத் தெரிந்தால்தான் காகிதம். எழுத்தில் மறுத்துவிட்டால் அது கோப்பில் ஏறிவிடும், பிறகு வருகிற அதிகாரியும் அதைப் பார்த்தே மறுப்பார். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேருக்கு இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்பது நாள் காத்திருந்தேன். பத்தாவது நாள் மதியம் சாப்பாடு முடிந்து மேடம் உட்கார்ந்திருந்தார். செருப்பு கழன்று கிடந்தது. பேனா திறந்திருந்தது. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று உள்ளே போனேன். விண்ணப்பம் கையில்தான் இருந்தது, ஆனால் நீட்டவில்லை.

“மேடம், சென்னையில ஒரு வேகன்சி வருதாம். குடும்பம் ஆறு வருஷமா அங்க இருக்கு. பொண்ணு ஒம்பதாவது போயிட்டா…”

மேடம் மோவாயைக் கொஞ்சம் மேலே தூக்கினார். “ச்சு” என்றார்.

அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து மேஜை மேல் இருந்த போன் அடித்தது. அவர் எடுத்தார். போன் வந்தால் அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்பது நானே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்த பாடம். வெளியேறிவிட்டேன்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். சாப்பிட்டியாலே? ச்சு. பஸ் வந்துட்டா? ச்சு. அவன் காசு தந்தானா? ச்சு. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, கூடவே மோவாயை ஒரு தூக்குத் தூக்கினால், இல்லை என்று பொருள். பரிதாபப்பட்டால் ‘ச்சுச்சுச்சு’ என்று தொடர்ந்து வரும், தலை பக்கவாட்டில் ஆடும். ஒற்றை ச்சுவும் தூக்கிய மோவாயும் இல்லைதான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மேஜைக்கு வந்து விண்ணப்பத்தை நாலாக மடித்து இழுப்பறையில் போட்டேன். கண்காணிப்பாளர் வந்து, “அண்ணாச்சி, உள்ள எப்படி?” என்றார். “வெயில்” என்றேன்.

சாயங்காலம் மனைவி போனில் கேட்டாள். “மேடத்துட்ட பேசினியளா?”

“பேசினேன். முடியாதுன்னுட்டாவ.”

“ஒரே வார்த்தையிலயா?”

“ஒரு வார்த்தைகூட முழுசா இல்ல.”

“எழுதியாவது குடுத்திருக்கலாம்லா?”

“எதுக்கு? மாட்டேன்னு எழுதி வாங்கவா?” என்று எரிந்து விழுந்தேன். மகளுக்கும் போனில் நானே சொன்னேன், அந்த மேடம் விட மாட்டேன் என்கிறார் என்று. “சரிப்பா” என்றாள்.

அதன் பிறகு ஒன்பது மாதம் மேடத்தோடு நான் தேவைக்கு மேல் ஒரு சொல்கூடப் பேசவில்லை. வேலையில் குறை வைக்க மாட்டேன், அதில் எனக்கு ரோஷம் உண்டு. கோப்பை வைப்பேன், எடுப்பேன், வருவேன். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் அந்த ஒன்பது மாதமும் மேடம் என்னிடம் பேசப் பார்த்திருக்கிறார். ஒரு நாள், “பொண்ணு நல்லா படிக்கறாளா?” என்றார். “படிக்கா மேடம்” என்று திரும்பிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். குற்ற உணர்ச்சி, உறுத்துகிறது, நன்றாக உறுத்தட்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இன்னொரு நாள், “அப்ப சென்னைக்கு எப்ப போறீங்க?” என்றார். மாத லீவைக் கேட்கிறார் என்று நினைத்து, “அடுத்த வாரம் மேடம், ரெண்டு நாள்” என்றேன். “ஓ” என்றவர் பேனாவை மூடினார். மூடியதைப் பார்த்ததும் நான் வெளியே வந்துவிட்டேன்.

சென்னை இடம் அதற்குள் நிரம்பிவிட்டது. மதுரையிலிருந்து ஒருவர் போனார்.

மார்ச்சில் மேடத்துக்கே மாறுதல் வந்தது. வெள்ளிக்கிழமை விடுவிப்பு. மதியம் கூடத்தில் சால்வை, மிக்சர், லட்டு, வாழ்த்துரை எல்லாம் முடிந்தது. எல்லோரும் போன பிறகு மணி அடித்தது. உள்ளே போனேன். மேஜை காலியாக இருந்தது. இழுப்பறையிலிருந்து மாத்திரை அட்டைகளையும் பழைய சார்ஜரையும் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

“உட்காருங்க சார்” என்றார்.

எந்த அதிகாரியின் முன்னாலும் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்தேன்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. அந்தச் சென்னை பேப்பரை ஏன் நீங்க கொடுக்கவே இல்ல?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நீங்கதான் அன்னைக்கே முடியாதுன்னு சொல்லிட்டீங்களே, மேடம்.”

“நானா? நான் எங்க சொன்னேன்?”

செய்து காட்டினேன். மோவாயைத் தூக்கி, ச்சு என்றேன். ஓர் அதிகாரியின் முகத்துக்கு நேராக அப்படிச் செய்ய எனக்கே கூச்சமாக இருந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“அதுக்கு?”

“எங்க பக்கம் அதுக்கு இல்லைன்னு அர்த்தம், மேடம்.”

மேடம் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

“ஐயோ, சார். ஆறு வருஷமா தனியா இருக்கீங்களே, பாவம்னு நினைச்சேன். மனசு கஷ்டமாப் போச்சுன்னா எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். உங்க கையில இருந்த பேப்பரைப் பாத்துட்டு, கொடுங்கன்னு சொல்றதுக்குள்ள போன் வந்துடுச்சு. வெச்சுட்டு நிமிர்ந்து பாக்கறேன், நீங்க இல்ல.”

அந்த மோவாய் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ஜூன் மாதம்தான் அவர் புதுக் கண்ணாடி மாற்றியிருந்தார். கீழ்ப்பாதி வழியாகத்தான் எழுத்தைப் பார்க்க முடியும். என் கையில் இருந்த காகிதத்தைப் படிக்கத் தலையைத் தூக்கியிருக்கிறார். அவருடைய பேனா, பாட்டில், செருப்பு எல்லாவற்றையும் கணக்கு வைத்திருந்த எனக்கு அந்தக் கண்ணாடியைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை.

“எதுனா ஒரு நாள் கொண்டு வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்” என்றார் மேடம். “ரெண்டு மூணு தடவை பேச்செடுத்தும் பாத்தேன். நீங்க பிடி கொடுக்கல. சரி, வீட்டுல ஏதோ மனஸ்தாபம் போல, இவருக்கே அங்க போக இஷ்டமில்லன்னு நினைச்சுக்கிட்டேன். அதைப் போய் நான் எப்படிக் கேக்கறது? உங்க முகத்தைப் பாத்தா ஒண்ணும் தெரியாது சார். ஒண்ணுமே தெரியாது.”

நான் எழுந்து நின்றேன். நன்றி மேடம் என்றோ வேறு என்னவோ சொன்னேன். அவருடைய பையைக் கார் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கார் கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடியை இறக்கி, “அடுத்த தடவை வாயால கேளுங்க” என்றார். கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து, மேடம் என்ன சொல்லிட்டுப் போறாவ என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

இஷ்டமில்லை என்று அவர் நினைத்ததுதான் என்னை அறுத்தது. அன்று அறைக்குப் போய்க் கஞ்சிகூட வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஜூன் மதியத்தை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். ச்சு என்று கேட்டதும் எனக்கு வலித்தது உண்மை. ஆனால் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, அந்த வலிக்கு அடியில் ஒரு மூச்சு லேசாக இறங்கியதும் உண்மை. சென்னைத் தலைமை அலுவலகத்தில் என்னைப் போல ஸ்டெனோக்கள் வரிசையாக இருப்பார்கள். அங்கே என் மேஜை முன்னால் யார் வந்து நிற்பார்கள்? வீட்டிலும், நான் இல்லாமலே ஓடப் பழகிவிட்ட ஒரு குடும்பத்தில் எந்த நாற்காலியில் உட்காருவது என்றுகூட எனக்குத் தெரியாது. முடியாது என்று யாரோ சொல்லிவிட்டால் எனக்கு வசதி. அதனால்தான் இன்னொரு முறை கேட்கவில்லையோ என்னவோ. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மறுவாரம் சென்னைக்குப் போனேன். மனைவிக்கு அன்று பகல் டியூட்டி. மகளும் நானும் மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அவளே சாதம் போட்டாள், எவ்வளவு போட வேண்டும் என்று என்னைக் கேட்டுக் கேட்டுப் போட்டாள். அவள் அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் இவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். கண்ணாடி, மோவாய், போன், ஒற்றை ச்சு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் சிரிப்பாகச் சொல்லப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்ப அந்த மேடம் முடியாதுன்னு சொல்லவே இல்லையா?”

“இல்லம்மா.”

“நான் அவங்கள எவ்ளோ திட்டியிருக்கேன் தெரியுமா? என் ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், எங்கப்பாவ ஒரு ஆபீசர் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு.”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் எதையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தேன். விரல்கள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தன, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அவள் நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். “யாருமே உங்கள வரவேணாம்னு சொல்லலப்பா” என்றாள். “நீங்கதான் வரல.”

ஆமாம் என்றேன்.